பழைய அம்பாசிடரில் மத்திய அலை ரேடியோ: இன்ஜின் ஓடும்போது வரும் இரைச்சலை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

காரைக்குடி மார்க்2 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் நின்றுகொண்டிருந்த 1967ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2 வண்டியை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ, அதைப் பேட்டரியோடு இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட் பெட்டி, பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் ஆகிய அனைத்தும் பழைய வகையைச் சேர்ந்தவையே. பேட்டரியின் எதிர்முனை பாடியில் எர்த் செய்யப்பட்டுள்ளது. டேஷ்போர்டில் அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் கார் ரேடியோ ஒன்று இருக்கிறது. மத்திய அலை மட்டுமே எடுக்கும். உள்ளே காய்ந்துபோயிருந்த மின்தேக்கிகளை மாற்றிய பிறகு, இன்ஜின் நிற்கும்போது திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்பு பகலிலும் தெளிவாகக் கேட்கிறது.

இன்ஜினை இயக்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. நான் கவனித்த வரையில் மூன்று விதமான ஓசைகள் உள்ளன. முதலாவது, ஐடிலிங்கிலேயே தொடங்கி, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க நெருக்கமாகிக்கொண்டே போகும் 'டிக் டிக்' ஓசை. இரண்டாவது, இன்ஜின் வேகம் சற்றுக் கூடிய பிறகு மட்டும் எழுந்து, வேகத்தோடு சேர்ந்து சுருதி ஏறும் ரீங்காரம். மூன்றாவது, தேவகோட்டை செல்லும் சாலையில் சில இடங்களில் மட்டும் வந்து மறையும் கரகரப்பு.

உள்ளூரில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன், ரேடியோ இரைச்சலுக்கு இதுதான் மருந்து என்று சொல்லி, இக்னிஷன் காயிலில் ஒரு கண்டென்சரை, அதாவது மின்தேக்கியை, பொருத்திக் கொடுத்தார். இரைச்சல் குறையவில்லை, அதற்குப் பதிலாக, மேட்டில் ஏறும்போது இன்ஜின் விட்டுவிட்டு ஓடத் தொடங்கியிருக்கிறது. பிளக் ஒயர்கள் அண்மையில் மாற்றப்பட்டவை. செம்புக் கம்பி வைத்தவை. எந்தப் பொருளை எங்கே பொருத்த வேண்டும், எந்த வரிசையில் தேட வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பண்பலை ரேடியோ மாட்டிவிடுங்கள் என்ற ஆலோசனை மட்டும் வேண்டாம். அதை வீட்டிலேயே போதிய அளவு கேட்டுவிட்டேன்.

சாலிடர்மணம் எழுதியது:

வணக்கம் ஐயா. ஓசைகளை இப்படிப் பிரித்துக் கேட்டு எழுதியதிலேயே வேலை பாதி முடிந்துவிட்டது. பலர் 'ரேடியோ இரைகிறது' என்று மட்டும் சொல்லிவிட்டு, கடையில் கிடைக்கும் கண்டென்சர்களையெல்லாம் வாங்கி வரிசையாக மாட்டிப் பார்ப்பார்கள்.

முதலில் அந்த எலக்ட்ரீஷியன் பொருத்திய கண்டென்சரைப் பாருங்கள். பழைய காயில்களில் இரண்டு முனைகளுக்கும் எஸ்.டபிள்யூ. என்றும் சி.பி. என்றும் குறியிட்டிருப்பார்கள்; சாவியிலிருந்து மின்சாரம் வரும் முனை எஸ்.டபிள்யூ., டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டுக்குப் போகும் முனை சி.பி. குறி அழிந்திருந்தால், டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் இருந்து வரும் மெல்லிய ஒயர் எந்த முனையில் சேர்கிறது என்று கண்ணால் தொடர்ந்து பாருங்கள். இரைச்சலைத் தணிக்கும் 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் எஸ்.டபிள்யூ. முனையில்தான் இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் அது மறுமுனையில் மாட்டப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஏற்கெனவே சுமார் 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள கண்டென்சர் ஒன்று பாயிண்டுக்கு இணையாக உள்ளது. பாயிண்ட் திறக்கும் நொடியில் காயிலில் எழும் மின்னழுத்தம், அந்தப் பக்கத்து மொத்தக் கொள்ளளவின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், அதோடு இன்னொரு 1 மைக்ரோஃபாரட்டைச் சேர்த்தால் பிளக்குக்குக் கிடைக்கும் உயர் அழுத்தம் ஏறக்குறையப் பாதியளவுக்கு இறங்கிவிடும். சமதளத்தில் வண்டி எப்படியோ ஓடிவிடும். மேட்டில், சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது, பொறி தாவாது. நீங்கள் சொல்லும் அறிகுறி அதுவேதான்.

அதைச் சரிசெய்த பிறகும் எந்தப் பொருளையும் வாங்க வேண்டாம். இரைச்சல் ரேடியோவுக்குள் நுழைய இரண்டே வழிகள்தான் முக்கியமானவை: ஒன்று ஏரியல், மற்றொன்று பேட்டரியிலிருந்து வரும் ஒயர். எந்த வழி என்று அறியாமல் மருந்து போட முடியாது. இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, ரேடியோவின் பின்புறத்திலிருந்து ஏரியல் பிளக்கை உருவுங்கள். எந்த ஓசை உடனே மறைகிறதோ அது ஏரியல் வழியாக வருகிறது. எது மாறாமல் நிற்கிறதோ அது ஒயர் வழியாக வருகிறது. பிறகு வால்யூமை முழுவதும் குறைத்துப் பாருங்கள். அப்போதும் ஓர் ஓசை கேட்டால், அது வால்யூம் கட்டுப்பாட்டைத் தாண்டி நேராக ஒலிபெருக்கும் பகுதியில் நுழைகிறது என்று பொருள். சந்தேகம் தீராவிட்டால், தனியான 12 வோல்ட் பேட்டரி ஒன்றை முன் இருக்கைக்குக் கீழே வைத்து, வண்டியின் ஒயரைக் கழற்றிவிட்டு, அதிலிருந்து ரேடியோவை இயக்கிப் பாருங்கள். இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

மூலத்தைப் பிரித்தறிய இன்னொரு எளிய சோதனையும் இருக்கிறது. ரேடியோவின் மின்சாரம் சாவியைச் சாராமல் நேரடியாக வருமாறு தற்காலிகமாக இணைத்துக்கொண்டு, நிற்கும் வண்டியில் இன்ஜினை வேகமாகச் சுழலவிட்டு, சட்டென்று சாவியை அணையுங்கள். அந்தக் கணமே அறுந்து நிற்கும் ஓசை இக்னிஷனுடையது. இன்ஜின் சுற்று தணியத் தணியச் சுருதி இறங்கிக் கரையும் ஓசை டைனமோவுடையது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் 900 சுற்றுக்கு நொடிக்கு 30 பொறிகள் விழும். ஆகவே ஐடிலிங்கில் டிக் டிக் ஓசை அடர்த்தியான படபடப்பாகத்தான் கேட்க வேண்டும். உங்களால் எண்ணக்கூடிய அளவுக்கு, நொடிக்கு ஏழெட்டு முறை மட்டுமே தட்டுகிறது என்றால், நான்கில் ஒரு பிளக்கோ அதன் ஒயரோ மட்டும் கெட்டிருக்கிறது.

சிபிபாயிண்ட் எழுதியது:

மேலே சொல்லப்பட்ட சோதனைகள் அனைத்தும் சரியே. ஆனால் உங்கள் கேள்வியிலேயே ஒரு குற்றவாளி கையும் களவுமாக நிற்கிறார்: செம்புக் கம்பி வைத்த பிளக் ஒயர்கள்.

1887இல் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் சோதனைச் சாலையில் உண்டாக்கியபோது அவரிடம் இருந்தவை ஒரு தூண்டல் சுருள், ஒரு பொறி இடைவெளி, கொஞ்சம் கம்பி, அவ்வளவுதான். உங்கள் பானெட்டுக்கு அடியில் இருப்பதும் அதே சாமான்கள்தான். மின்தடை இல்லாத ஒயரில் பொறி தாவும்போது மின்னோட்டம் மிக வேகமாக ஏறி இறங்குவதால், ஒயரே ஏரியலாகி மத்திய அலை முழுவதிலும் இரைச்சலைப் பரப்பும். வழியில் சில ஆயிரம் ஓம் தடை இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் மந்தமாகி இரைச்சல் அடங்கும். பிரிட்டனில் தொலைக்காட்சிப் பெட்டிகளில் கார்களால் ஏற்பட்ட தொல்லையைத் தடுக்க, இக்னிஷன் கருவிகளின் இடையூற்றைக் கட்டுப்படுத்தும் விதிமுறைகளையே 1952இல் கொண்டுவந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பழைய தலைவலி என்று புரியும்.

பழைய வண்டிக்காரர்கள் சிலர், தடை வைத்தால் பொறி பலவீனமாகும் என்று சொல்லி இன்னமும் செம்பு ஒயரையே கேட்டு வாங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொறி தாவுவதற்கு முன் ஒயரில் மின்னோட்டம் அநேகமாக இல்லை என்பதால், தாவத் தேவையான அழுத்தத்தை 5,000 ஓமோ 10,000 ஓமோ தின்றுவிடுவதில்லை. ஆனால் தடை வைத்த பிளக், தடை வைத்த தொப்பி, கார்பன் ஒயர், தடை வைத்த ரோட்டார் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் கை) என்று எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் வேண்டாத வேலை. உங்களுக்கு வண்டியின் பழைய தோற்றம் கெடக் கூடாது என்றால், ஒயர்களை அப்படியே விட்டுவிட்டு, நான்கு பிளக்குகளிலும் 5,000 ஓம் தொப்பி போடுங்கள். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் நடு ஒயரில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு அருகில், இன்னொரு தடையைச் சேருங்கள். ரோட்டாரின் நுனியும் மூடியின் உட்புறப் பித்தளைக் கட்டைகளும் வெந்து குழி விழுந்திருந்தால், அங்கே இடைவெளி கூடி, அதுவே இரண்டாவது பொறி நிலையமாகிவிடும். மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கோடு இழுத்ததுபோல் கறுப்புத் தடம் தெரிந்தால் மூடியையே மாற்ற வேண்டும்.

அடுத்தது எர்த். இன்ஜின் ரப்பர் மவுண்ட்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பாடியோடு இணைக்கும் பின்னல் பட்டை எங்கோ ஓரிடத்தில் எண்ணெயும் மண்ணும் படிந்து கிடக்கும். கழற்றி, இரு முனைகளையும் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து மாட்டுங்கள். பானெட் அதைவிட முக்கியம். அது பெயிண்ட் பூசிய கீல்களிலும் ரப்பர் கட்டைகளிலும் தாங்கி நிற்பதால், மின்னியல் கணக்கில் அது இன்ஜினுக்கு மேல் தொங்கும் தனித் தகடு. அதற்கு எர்த் இல்லாவிட்டால், அடைக்க வேண்டிய இரைச்சலை அதுவே வாங்கி வெளியே விடும். ஒரு கீலுக்கு அருகில் சிறிய பின்னல் பட்டை ஒன்றைப் பாடியோடு இணைத்தால் போதும்.

காரைக்குடி மார்க்2 எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கண்டென்சர் சி.பி. முனையில்தான் இருந்தது. அதைக் கழற்றி எஸ்.டபிள்யூ. முனைக்கு மாற்றினேன், எர்த் பக்கத்தைக் காயிலின் பிடிப்புத் திருகாணியிலேயே, பெயிண்டைச் சுரண்டிவிட்டு இறுக்கினேன். இன்ஜின் விட்டுவிட்டு ஓடுவது நின்றுவிட்டது.

ஏரியல் பிளக்கை உருவியதும் டிக் டிக் ஓசை முற்றிலும் மறைந்தது; ரீங்காரம் அப்படியே இருந்தது. வால்யூமைக் குறைத்தாலும் ரீங்காரம் மெலிதாகக் கேட்கிறது. ஆகவே இரண்டும் வேறு வேறு வழியாக வருகின்றன என்று தெளிவாகிவிட்டது.

ஏரியலை மட்கார்டில் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றியபோது, மட்கார்டின் அடிப்புறத்தில் பற்கள் கொண்ட வாஷர் ஒன்று துருவாகவே உதிர்ந்தது. அந்தத் துளையைச் சுற்றி மறுபெயிண்ட் அடித்தபோது பூசிய பட்டியும் கனமாகப் படிந்திருந்தது. ரேடியோவின் முனையைக் கழற்றி வைத்துவிட்டு, ஏரியல் கேபிளின் வெளி உறைக்கும் பாடிக்கும் இடையில் மல்ட்டிமீட்டரால் அளந்தால் ஏறக்குறைய 400 ஓம் காட்டியது; ஒயரை ஆட்டினால் எண் தாவியது. துளையைச் சுற்றி உலோகம் தெரியச் சுரண்டி, புதிய பல் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு அது 1 ஓமுக்கும் கீழே வந்துவிட்டது. இதற்கே டிக் டிக் ஓசை பெருமளவு தணிந்துவிட்டது. பிளக் தொப்பிகளும் பானெட் பட்டையும் போட்ட பிறகு, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் காதைக் கூர்மையாக வைத்தால் மட்டுமே கேட்கிறது.

ரீங்காரம் எப்போது தொடங்குகிறது என்றும் பார்த்தேன். டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு அணையும் வேகத்தில்தான் அது எழுகிறது. டைனமோவில் பெரிய முனை ஒன்றும் சிறிய முனை ஒன்றும் உள்ளன. கண்டென்சரை எதில் பொருத்துவது?

சாலிடர்மணம் எழுதியது:

கேட்டுவிட்டுப் பொருத்த நினைத்தது நல்லதாயிற்று. பெரிய முனை டி. அது டைனமோவின் வெளியீடு. சிறிய முனை எஃப். அது காந்தச் சுருளுக்கானது. கண்டென்சர் டி முனையில் மட்டுமே இருக்கலாம். எஃப் முனையின் மின்னோட்டத்தைத்தான் கட்-அவுட் பெட்டிக்குள் இருக்கும் ரெகுலேட்டர், தன் தொடுமுனைகளை நொடிக்குப் பல முறை திறந்து மூடிக் கட்டுப்படுத்துகிறது. அங்கே கண்டென்சர் இருந்தால், ஒவ்வொரு முறை மூடும்போதும் அதன் மின்னேற்றம் அந்தத் தொடுமுனைகள் வழியாகவே பாயும். நாளடைவில் அவை கருகிவிடும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் டைனமோ கட்டுப்பாடின்றிச் சார்ஜ் செய்யும். ரேடியோவைக் காப்பாற்றப் போய்ப் பேட்டரியையும் டைனமோவையும் இழக்க நேரிடும்.

சார்ஜ் விளக்கு அணையும்போது ரீங்காரம் தொடங்குவது பொருத்தமான அறிகுறியே. அந்த வேகத்தில்தான் கட்-அவுட் மூடி, டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கிறது. அதற்கு முன் டைனமோவின் அழுக்கு உங்கள் ஒயரிங்கை எட்டுவதில்லை. இதை உறுதிசெய்ய ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிடலாம். ஆனால் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் சுழற்றுகிறது என்பதால், ஒரு நிமிடத்திற்குள் நிறுத்திவிடுங்கள்.

கண்டென்சர் வாங்கப் போவதற்கு முன் டைனமோவின் பின்மூடியைத் திறந்து பாருங்கள். பிரஷ்கள் உராயும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர், செம்பு நிறம் மங்கி மெருகேறிய பழுப்பாக இருந்தால் நல்லது. கரிபடிந்து கறுத்தோ, கட்டைகளுக்கிடையிலான மைக்கா செம்பைவிட மேலேறியோ இருந்தால், பிரஷ் குதித்துப் பொறி விடும். அந்தப் பொறியை நிறுத்தாமல் கண்டென்சரால் மூடி மறைக்கப் பார்ப்பதில் பயனில்லை. தேய்ந்த பிரஷ்ஷை மாற்றி, கம்யூட்டேட்டரை நுண்ணிய கண்ணாடித்தாளால் துடைத்து, பிறகு 1 மைக்ரோஃபாரட் கண்டென்சரை டி முனைக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையில், ஒயர் எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாகப் பொருத்துங்கள். எமரித்தாள் வேண்டாம், அதன் துகள்கள் செம்புக் கட்டைகளுக்கிடையில் தங்கிவிடும்.

வால்யூமைக் குறைத்தாலும் கேட்கும் மிச்சத்திற்கு, ரேடியோவின் மின்சார ஒயரை எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் சாவிக்குப் பின்னாலிருக்கும் ஏதாவது ஒரு முனையிலிருந்து எடுத்திருப்பார்கள். இக்னிஷனும் வைப்பரும் அதே முனையைப் பங்கிட்டுக்கொள்ளும். தனி ஃபியூஸ் வைத்து, பேட்டரியின் முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கிருந்து ஓர் ஒயரை நேராகக் கொண்டுவாருங்கள். பேட்டரியே உங்கள் வண்டியின் மிகப் பெரிய வடிகட்டி. அதற்கும் அடங்காவிட்டால் மட்டும், ரேடியோவுக்கு மிக அருகில் அந்த ஒயரில் ஒரு சோக் சுருளை (மின்சாரத்தை விட்டு இரைச்சலைத் தடுக்கும் கம்பிச் சுருள்) சேர்க்கலாம்.

மத்தியஅலை எழுதியது:

நான் வண்டிக்காரன் அல்லன். தொலைதூர வானொலி கேட்பவன். எனவே மூன்றாவது ஓசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்; அதை இதுவரை யாரும் தொடவில்லை.

சாலையில் சில இடங்களில் மட்டும் வரும் கரகரப்புக்கு வண்டி காரணமா, சாலை காரணமா என்று முதலில் பிரிக்க வேண்டும். அந்த இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். கரகரப்பு தொடர்ந்தால் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நின்றதும் மறைந்து, வறண்ட தார்ச்சாலையில் ஓடும்போது மட்டும் வந்தால், அது முன்சக்கரங்களில் சேரும் நிலைமின்னாக இருக்கலாம். டயர் உருளும்போது உண்டாகும் மின்னேற்றம், சக்கரத் தாங்கியின் கிரீஸ் படலத்தைத் தாண்டி அச்சுக்குப் பாய்வதால் வரும் ஓசை அது. பிரேக்கை மெல்லத் தொட்டால் அது நின்றுவிடும், ஏனெனில் பிரேக் கட்டை அந்த மின்னேற்றத்திற்கு வேறு வழி கொடுத்துவிடுகிறது. இதற்கென்று முன்சக்கரத்தின் கிரீஸ் மூடிக்குள் வைக்கும் சிறிய சுருள்வில்கள் ஒரு காலத்தில் விற்கப்பட்டன. வண்டியில் அலைபேசி சார்ஜரோ எல்.இ.டி. விளக்கோ சேர்த்திருந்தால் அவற்றையும் கழற்றிச் சோதியுங்கள். அவற்றிலுள்ள சுவிட்சிங் சுற்றுகள் இக்னிஷனைவிட மோசமாக மத்திய அலையைக் கெடுக்கும்.

ஆனால் நீங்கள் சொல்லும் விதத்தைப் பார்த்தால் எனக்கு மின்கம்பங்கள் மேல்தான் சந்தேகம். தளர்ந்த திருகாணியோ, விரிசல் விட்ட இன்சுலேட்டரோ உள்ள கம்பத்தில் இடைவிடாமல் நுண்பொறிகள் தாவிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சல் கம்பி வழியாகவே நெடுந்தூரம் ஓடும். கையடக்க டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள். அதற்குள் ஏரியலாக வேலை செய்யும் ஃபெரைட் தண்டுக்குத் திசை உண்டு. பெட்டியைக் கிடைமட்டமாகச் சுழற்றும்போது இரைச்சல் மிகவும் குறையும் நிலையில், தண்டின் நுனி மூலத்தை நோக்கியிருக்கும். மின்கம்பிக்கு அடியிலேயே நின்றால் கம்பி முழுவதும் இரைவதால் திசை பிடிபடாது. சற்றுத் தள்ளி நின்று, இரண்டு இடங்களிலிருந்து திசை பாருங்கள். மழை பெய்த அன்று அந்தக் கரகரப்பு காணாமல் போனால் தளர்ந்த இணைப்பு என்றும், மழையில் கூடினால் இன்சுலேட்டரில் படிந்த அழுக்கின் வழியே கசிவு என்றும் ஓரளவு ஊகிக்கலாம். அதே டிரான்சிஸ்டரை பானெட்டுக்குள் நீட்டி, எந்த ஒயருக்கு அருகில் அதிகம் இரைகிறது என்று பார்க்கவும் பயன்படுத்தலாம்.

இன்னொன்று. ஏரியலைக் கழற்றி மாட்டியிருப்பதால் அதன் டிரிம்மரை (ரேடியோவை ஏரியலுக்கு இசைவாக்கும் சிறு மின்தேக்கி) மீண்டும் சரிசெய்ய வேண்டும். ரேடியோவில் ஏரியல் சாக்கெட்டுக்கு அருகிலேயே ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே ஒரு திருகு. ஏரியலை முழுவதும் நீட்டி, அலைவரிசையின் உயர்முனையை ஒட்டி பலவீனமாகக் கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடித்து (உங்கள் ஊரில் மதுரையின் 1269 பகலில் இதற்குத் தோதாக இருக்கும் என்று நினைக்கிறேன்), ஒலி உச்சம் தொடும்வரை அந்தத் திருகை மெல்லத் திருப்புங்கள். சமிக்ஞை இரு மடங்கானால், ஏரியல் வழியாக வராத இரைச்சலைப் பாதியாகக் குறைத்ததற்குச் சமம். இதற்குக் காசும் இல்லை. ஏரியல் கேபிள் பழுதாகியிருந்தாலும் தொலைக்காட்சிக் கேபிளை வெட்டிப் போட்டுவிடாதீர்கள். கார் ஏரியல் கேபிள், கொள்ளளவு குறைவாக இருக்கும்படி மெல்லிய கம்பியும் அகன்ற உறையுமாகச் செய்யப்பட்டது. சாதாரணக் கேபிளைப் போட்டால் டிரிம்மரால் ஈடுகட்ட முடியாமல் போய்விடலாம்.

காரைக்குடி மார்க்2 எழுதியது:

டைனமோவின் ஒரு பிரஷ் அடிவரை தேய்ந்து, அதன் வில் தாங்கியின் விளிம்பில் சிக்கி நின்றது. இரண்டையும் மாற்றி, டி முனையில் கண்டென்சர் பொருத்தி, பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்த பிறகு ரீங்காரம் போய்விட்டது. சோக் தேவைப்படவில்லை. டிரிம்மரைத் திருப்பியதில் ஏற்பட்ட மாற்றம் நான் எதிர்பாராதது. ஏரியலைக் கழற்றி மாட்டியதிலிருந்து மங்கலாகக் கேட்ட மதுரை இப்போது திருச்சியைப் போலவே கேட்கிறது.

தேவகோட்டைச் சாலையின் கரகரப்பு இன்ஜினை அணைத்த பிறகும் தொடர்ந்தது. சார்ஜரோ எல்.இ.டி. விளக்கோ வண்டியில் இல்லை. டிரான்சிஸ்டரால் திசை பார்த்ததில் சந்தேகம் இரண்டு கம்பங்களுக்குள் சுருங்கியிருக்கிறது.

மத்தியஅலை எழுதியது:

கம்பத்தை உதைத்தோ தட்டியோ சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம், தளர்ந்த இன்சுலேட்டராக இருந்தால் கம்பியே கீழே வரக்கூடும். இரண்டு கம்பங்களிலும் பெயிண்டால் எழுதியிருக்கும் எண்களைக் குறித்துக்கொண்டு, அந்தப் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கொடுங்கள். ரேடியோ இரைகிறது என்று எழுதுவதைவிட, இன்சுலேட்டரில் பொறி பறப்பதாகச் சந்தேகம் என்று எழுதினால் ஆள் சீக்கிரம் வருவார்.